41 வயதில் தாதி வேலையை விட்டுச் சொப்ட்வெயார் பக்கம் போகலாமா?

உவர்மலை_மிஸ்:
வணக்கம். நான் திருகோணமலை, அரசாங்க ஆஸ்பத்திரியில் 17 வருடமாகத் தாதியாக இருக்கிறேன். மகளுக்கு வருகிற வருடம் ஓஎல், மகன் ஏழாம் தரம். இரண்டு வருடமாக நாரி வலி. கட்டிலில் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு நிமிரும்போது கண்ணில் தண்ணீர் வருகிறது, நைட் டியூட்டி முடித்து வந்தால் பகலில் தூக்கமும் இல்லை.

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச ஒன்லைன் கோர்ஸ் இருக்கிறதே, ஆறு பாடம் கொண்ட ஃபுல் ஸ்டக் டெவலப்பர் கோர்ஸ், அதில் பைதன் என்ற கோட் மொழிக்கான இரண்டு பாடமும் முடித்துவிட்டேன். ஏஎல்லில் பயோ படித்த எனக்கு இது வரும் என்று நினைக்கவே இல்லை. சேலைன் எத்தனை துளி ஓட வேண்டும் என்று கணக்குப் போடும் சின்ன புரோகிராம் ஒன்றும் எழுதினேன். 1000 மில்லி, 8 மணித்தியாலம் என்று கொடுத்தால் நிமிடத்துக்கு 42 துளி என்று வந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லித் தெரியாது.

இவர் கடை வைத்திருக்கிறார், வருமானம் ஒரு மாதம் போல மறு மாதம் இல்லை. அரசாங்க உத்தியோகத்தை யாராவது விடுவார்களா என்று அம்மா அழுகிறா. ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு முழு நேரமாகப் படித்தால் ஒரு வருடத்தில் வேலை எடுக்கலாமா? உண்மையைச் சொல்லுங்கள்.

சீனக்குடா_தம்பி:
அக்கா, கடிதம் மட்டும் கொடுக்க வேண்டாம். நான் இந்தத் துறையில் ஒன்பது வருடம், கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு ஊரில் இருந்தே வேலை செய்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன்பு கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, புதுப் பிள்ளைகளுக்குப் பழகக் கொடுக்கிற சின்ன வேலைகளை எங்கள் டீமில் சீனியர்களே முடித்துவிடுகிறார்கள். டிகிரி முடித்த இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள் டிரெய்னி இடத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள், அதே வரிசையில் நீங்களும் போய் நின்றால் பதினேழு வருட அனுபவத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போவது போல ஆகிவிடும். கோட் தெரிந்த தாதியாகப் போங்கள், அந்த வரிசையில் ஆள் குறைவு.

காசுப் பக்கம் இன்னொன்று. தனியாரில் பென்சன் கிடையாது. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், கம்பனி 12 வீதம் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), அப்புறம் கம்பனி போடுகிற ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், அவ்வளவுதான். டிரெய்னி சம்பளத்தில் அது எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 2022 நெருக்கடி நேரத்தில் அரசாங்க ஊழியருக்கு ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை என்று சுற்றறிக்கை வந்தது. உங்கள் சேவைக்கு இப்போது என்ன வழி இருக்கிறது என்று முதலில் நிர்வாகக் கிளையில் எழுத்தில் கேளுங்கள்.

நிலாவெளி_அக்கா:
தங்கச்சி, நான் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக இருந்து 38 வயதில் மாறினேன். இப்போது ஆஸ்பத்திரிகளுக்குச் சொப்ட்வெயார் செய்கிற இடத்தில் டெஸ்டிங், அதாவது சொப்ட்வெயாரில் பிழை தேடுகிற வேலை. தம்பி சொன்னதில் பாதி சரி, ஆனால் பயந்து நிற்க வேண்டாம்.

சேர்ந்த முதல் மாதம் மருந்துக் கொடுப்பனவுப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு சரி அடையாளம் மட்டும்தான் இருந்தது. அடையாளம் இல்லையென்றால் மிஸ் மறந்துவிட்டா என்று கணக்கு. நான் கேட்டேன், நோயாளி ஒபரேஷனுக்காக வெறும் வயிற்றில் இருந்தால்? பிரஷர் குறைவாக இருந்து டொக்டர் நிறுத்தச் சொன்னால்? மருந்து ஸ்டொக்கில் இல்லையென்றால்? பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இன்னொரு முறை, நோயாளியின் உடம்புக்குள் போன, வெளியே வந்த திரவத்தின் அளவை எழுதும் இன்டேக் அவுட்புட் சார்ட்டை நள்ளிரவில் கூட்டி முடித்திருந்தார்கள். நாங்கள் காலை ஆறு மணிக்குக் கூட்டி ஹேண்டோவர் கொடுப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள், வாட்டில் ஒரு இரவு நின்றதில்லை, அவ்வளவுதான்.

தெராக் 25 என்ற கதிர்வீச்சு இயந்திரத்தைப் பற்றித் தேடி வாசியுங்கள். 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுப் போனது, சிலர் இறந்தும் போனார்கள். பழகிய கையால் ஒப்பரேட்டர் வேகமாகத் திருத்தி டைப் செய்தால் மட்டுமே வெளிவந்த கோட் பிழையும் அதற்கு ஒரு காரணம். அவசரத்தில் மனிதர் எப்படி டைப் செய்வார் என்று தாதிக்குத்தான் தெரியும்.

முதல் வருடம் கஷ்டம், மறைக்க மாட்டேன். சம்பளம் குறைந்தது, மீட்டிங்கில் பாதி புரியாது. நோயாளி சுகமாகி வீட்டுக்குப் போகும்போது "மிஸ், போயிட்டு வாறன்" என்று சொல்வதற்கு இங்கே ஈடு ஒன்றும் கிடையாது. இன்றைக்கும் அது எனக்குக் குறைதான்.

உங்கள் துளிக் கணக்குக்கு ஒரு கேள்வி. குழந்தைகள் வாட்டில், சின்னத் துளியாக விழும் பியூரெட் செட்டில் போட்டால்?

பழைய_சிஸ்டர்:
பிள்ளை, நான் 34 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். நாரிதான் காரணம் என்றால் முதலில் நாரிக்கு வைத்தியம் பாருங்கள். எட்டு மணித்தியாலம் கதிரையில் குந்தியிருந்தாலும் அதே இடம்தான் வலிக்கும். கிளினிக், தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவு, தாதியர் கல்லூரியில் படிப்பிக்கிற வேலை, நோயாளியைத் தூக்காத இடங்கள் எங்கள் சேவைக்குள்ளேயே இருக்கின்றன. மருத்துவ அறிக்கையோடு இடமாற்றம் கேளுங்கள். நைட் இல்லாமல் ஆறு மாதம் தூங்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கோட் எழுத மனம் வந்தால் அது உண்மையான ஆசை, நான் ஒரு வார்த்தை மறித்துச் சொல்ல மாட்டேன்.

உவர்மலை_மிஸ்:
எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், நேற்று இரவு நன்றாகத் தூங்கினா.

நிலாவெளி அக்கா, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ஒரு மில்லிக்கு 20 துளி என்று கோட்டுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன், பியூரெட்டுக்கு 60. 100 மில்லி, 4 மணித்தியாலம் என்றால் நிமிடத்துக்கு 25 துளி போக வேண்டும், என் புரோகிராம் 8 என்று காட்டியது. வாட்டில் நித்திரையிலும் பிழைக்காத கணக்கு! இப்போது எந்த செட் என்று கேட்காமல் விடை சொல்லாது. நேரத்தை வெறுமையாக விட்டால் நின்று போகிறது, அதை இன்னும் திருத்தவில்லை.

திங்கட்கிழமை நிர்வாகக் கிளைக்குப் போகிறேன், கிளினிக் இடமாற்றத்துக்கும் எழுதப் போகிறேன். கடிதம் இப்போதைக்கு இல்லை. தம்பி, புரோகிராமை ஒன்லைனில் வைக்கிற கிட்ஹப் தளத்தில் போடுவது எப்படி என்று ஒரு நாள் காட்டுவீர்களா? ஞாயிறு பின்னேரம் எனக்கு டியூட்டி இல்லை.

சீனக்குடா_தம்பி:
ஞாயிறு நாலு மணி சரி அக்கா. லப்டொப்பைக் கொண்டு வாருங்கள், அந்த வெறுமையான நேரத்தையும் அன்றே திருத்துவோம்.