கடன் கொடுத்தவர் படியேறலாமா?

கொட்டாஞ்சேனைத் தையல்காரி:
ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நுண்கடன் அறவிட வருகிற தம்பி எங்கள் விறாந்தைக் கதிரையில் அமர்ந்துவிடுவார். தவணைப் பணம் கைக்கு வரும்வரை எழும்பமாட்டார். போன கிழமை அவர் பார்வை என் தையல் இயந்திரத்தின் மேல் போனது. அன்றிரவு வேதாகமத்தில் உபாகமம் 24ஆம் அதிகாரத்தை எடுத்தேன். அடகுப் பொருளை வாங்க வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில் என்கிறது. திரிகைக் கல்லை அடகு வாங்குவது உயிரையே வாங்குவது என்கிறது. என் திரிகை அந்த இயந்திரம்தானே? இது யூதர்களுக்கும் வேதம்தானே, அவர்களும் இப்படித்தான் வாசிக்கிறார்களா, இல்லை என் வசதிக்கு வாசிக்கிறேனா?

வெள்ளவத்தை வாசகன்:
பாதி சரி, அக்கா. ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில், பாபா மெட்சியா என்ற பகுதி 9:13 இதைத்தான் பேசுகிறது. திரிகை மட்டுமல்ல, உணவு ஆக்கும் எந்தக் கருவியையும் அடகு பிடிக்கக்கூடாது என்கிறது. தையல் இயந்திரம் அதில் அடங்காது என்று ஒருவர் வாதாடலாம். ஆனால் அதே இடத்தில் தலையணையை இரவிலும் கலப்பையைப் பகலிலும் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. உங்கள் இயந்திரம் கலப்பைதான். விதவையிடம், அவர் ஏழையானாலும் பணக்காரியானாலும், அடகே வாங்கக்கூடாதாம்.

செட்டியார் தெரு:
இருபது வருடமாக அடகுக் கடையில் இருக்கிறேன். காலையில் கொடுத்து மாலையில் வாங்குவதென்றால் ஒரு மாதத்தில் கடையை மூட வேண்டியதுதான். பிறகு அவசரத்துக்கு யாரிடம் போவீர்கள்?

வெள்ளவத்தை வாசகன்:
ஹில்லேல் என்ற யூத அறிஞருக்கும் இதே கவலை இருந்தது, ஐயா. ஏழாம் ஆண்டில் கடனை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அந்த ஆண்டு நெருங்கும்போது கொடுக்கத் தயங்காதே என்று உபாகமம் 15 எச்சரித்தும், ஆட்கள் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் கண்ட வழி ப்ரோஸ்புல். கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைத்து எழுதிவிட்டால் பிறகும் அறவிடலாம்.

செட்டியார் தெரு:
அப்படியானால் எங்களையும் நினைத்திருக்கிறார். ஆனாலும் பெண்கள் இருக்கிற வீட்டில் போய் உட்காருவதை நானும் ஏற்கமாட்டேன். எங்கள் கடைக்கு ஆட்கள்தான் வருவார்கள், நாங்கள் போவதில்லை.

கொட்டாஞ்சேனைத் தையல்காரி:
நான் விதவை என்பதை எழுதவில்லை, தம்பி. இன்று கதிரையைத் தூக்கி முற்றத்தில் போட்டேன். வந்தவர் ஒன்றும் கேட்காமல் அங்கேயே அமர்ந்தார். தேநீரும் கொடுத்தேன். தவணையில் 500 ரூபாய் குறைவு. குறித்துக்கொண்டு போய்விட்டார்.