அவசரம்: ஜெனரேட்டரில் இணைத்தும் மடிக்கணினி சார்ஜ் ஏறவில்லை, ஐந்து மணிக்குள் விலைமனு அனுப்ப வேண்டும்

மோட்டர்_தம்பி | ஞாயிறு, 9 பெப்ரவரி 2025, பிற்பகல் 12.46

அனைவருக்கும் வணக்கம். அலுவலக வேலையாகக் கொழும்பிலிருந்து மலைநாட்டுக்கு வந்து தங்கியிருக்கிறேன். முற்பகலில் மின்சாரம் போய்விட்டது, நாடு முழுவதும் இதே நிலை என்கிறார்கள். தங்குமிடத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது. ஆனால் என் மடிக்கணினியை இணைத்தால் சார்ஜரின் சிறுவிளக்கு விட்டு விட்டு எரிகிறதே தவிர சார்ஜ் ஏறவில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கான விலைமனுவை இன்று மாலை ஐந்து மணிக்குள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

பண்டாரவளைக்_குளிர் | 12.51

தம்பி, மலைநாடு என்றால் எந்த ஊர்? ஹட்டனா, ஹப்புத்தளையா என்று தெரியாமல் எந்தக் கடைக்குப் போகச் சொல்வது? பெட்டரியில் இப்போது எத்தனை வீதம் இருக்கிறது? சார்ஜர் எத்தனை வொட்? அது உருளை முனையா, யூஎஸ்பி சி வகையா? ஜெனரேட்டர் பெரியதா, கையால் கயிறு இழுத்து ஓட்டும் சிறியதா? இவற்றைச் சொன்னால்தான் யாராலும் எதையும் சொல்ல முடியும்.

அடிவாரத்து_ஆள் | 12.55

இது பெட்டரி பழுதாகிவிட்டதன் அறிகுறி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் மகளின் கணினியிலும் இதே போல விளக்கு மினுங்கியது, பெட்டரியை மாற்றியதும் சரியாகிவிட்டது. வாங்கி எத்தனை வருடம் ஆகிறது?

கூரைச்சூரியன் | 12.59

பெட்டரியைக் குறை சொல்வதற்கு முன் ஜெனரேட்டரைப் பாருங்கள். சிறிய பெற்றோல் ஜெனரேட்டரில் குளிர்சாதனப் பெட்டி, நீர்ப்பம்பி, சமையலறை எல்லாம் ஒன்றாக ஏறியிருந்தால், பம்பி ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் வோல்ட் விழும். சார்ஜரும் ஒவ்வொரு முறையும் அணைந்து எழும். விடுதிக்காரரிடம் கேட்டு, பத்து நிமிடம் பம்பியை நிறுத்திப் பார்க்கலாம். சார்ஜரின் அடியில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தில் அது எளிதில் எரிந்துவிடாது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பழைய_பியூஸ் | பிற்பகல் 1.06

மின்தடைக்காலத்தில் வெளியூர் செல்வோருக்கென்று நான் எழுதிய குறிப்பு இங்கே முதலிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. 2020 ஓகஸ்ட் 17 அன்று கெரவலப்பிட்டிய உபமின்நிலையக் கோளாறால் நாடு முழுவதும் இருண்டபோதும், 2023 டிசம்பர் 9 மாலை மறுபடி இருண்டபோதும் இதே கேள்விக்கு இதே பதிலைச் சொன்னவன் நான். பெட்டரி முழுவதும் ஏறாத கணினியுடன் வேலைப் பயணம் புறப்படுவது, குடையை வீட்டில் வைத்துவிட்டு மழைக்குப் பேர்போன வட்டவளைக்குப் போவதைப் போன்றது.

மோட்டர்_தம்பி | 1.19

மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஊர் நோட்டன் பிரிட்ஜ். பெட்டரி 11 வீதம். சார்ஜர் 65 வொட், சி வகை. வாங்கி இரண்டு வருடம். பம்பியை நிறுத்திப் பார்த்தாயிற்று, மாற்றமில்லை. பவர் பேங்க் ஒன்று இருக்கிறது. அது கைத்தொலைபேசிக்கு ஏறுகிறது, மடிக்கணினி அதை ஏற்கவில்லை.

பழைய_பியூஸ் | 1.24

ஏற்காது, ஏற்கவும் கூடாது. துளை ஒரே வடிவமாக இருப்பதால் உள்ளே போகும் மின்சாரமும் ஒன்றே என்று நினைப்பது பரவலான அறியாமை. சாதாரண பவர் பேங்க் 5 வோல்ட் தரும், கொஞ்சம் நல்லது 9 அல்லது 12 வோல்ட் தரும், உங்கள் மடிக்கணினியோ 20 வோல்ட் கேட்கிறது. பிடி (PD, பவர் டெலிவரி) என்று பெட்டியில் போட்டு, 45 வொட்டுக்கு மேல் தரும் என்றும் எழுதியிருந்தால்தான் இரண்டும் பேசிக்கொண்டு 20 வோல்டுக்கு ஒத்துவரும். இதுவும் என் குறிப்பில் இருக்கிறது.

அடிவாரத்து_ஆள் | 1.27

இரண்டு வருடம் என்றால் பெட்டரிதான். நான் முன்பே சொன்னேன்.

பண்டாரவளைக்_குளிர் | 1.33

நோட்டன் பிரிட்ஜா? நீங்கள் நிற்கும் இடத்துக்குக் கீழேதான் விமலசுரேந்திர மின்நிலையம் இருக்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் அங்கே 50 மெகாவொட் தந்துவிட்டு, நோட்டன் குளத்தில் தேங்கி, பழைய லக்ஷபான நிலையத்துக்கு இறங்குகிறது. அப்படி இரண்டு மின்நிலையங்களின் வாசலில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் 11 வீதத்தை எண்ணிக்கொண்டிருப்பது மலைநாட்டுக்கே உரிய கொடுமை. எங்கள் தாத்தா காலத்தில் அணைக்கு மண் சுமந்த தொழிலாளரின் லயக் குடியிருப்புகளுக்கு விளக்கு வந்தது எத்தனை வருடம் கழித்து என்று கேட்டால் இன்னும் கோபம் வரும்.

கூரைச்சூரியன் | 1.40

கோபப்படுவதில் பயனில்லை, அமைப்பே அப்படித்தான். நோட்டனில் பிறக்கும் மின்சாரம் நேரே நோட்டன் வீடுகளுக்குப் போவதில்லை. உயர் அழுத்தக் கம்பியில் ஏறித் தேசிய வலையமைப்புக்குப் போய், வேறொரு உபமின்நிலையத்தில் இறங்கித்தான் ஊருக்குத் திரும்புகிறது. வலையமைப்பு விழுந்தால் பொறிகள் தங்களைக் காத்துக்கொள்ளத் தாமாகவே நின்றுவிடும். என் கூரையில் 5 கிலோவொட் சூரியத் தகடுகள் இருக்கின்றன, இன்று கண்டியில் கொளுத்தும் வெயில், ஆனாலும் ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்க வைக்க முடியவில்லை. வெளிக்கம்பியில் மின்சாரம் இல்லையென்றால் எங்கள் இன்வேட்டரும் நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் கம்பியில் வேலை செய்கிறவரை அது தாக்கிவிடும்.

தம்பி, அது இருக்கட்டும். உங்கள் சார்ஜரின் பிளக் எந்த வடிவம், சுவரிலுள்ள சொக்கெட் எந்த வடிவம்?

கொழுந்து_மடுவம் | 1.52

நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், அலுவலகப் பணி செய்கிறேன். எங்களுக்கும் மின்சாரம் இல்லை. நேற்றுப் பறித்த கொழுந்து வாட்டும் தொட்டிகளில் கிடக்கிறது, விசிறி நின்றால் அடிப்பகுதி சூடேறிச் சிவந்துவிடும் என்பதால் ஆட்கள் இரு கைகளாலும் அள்ளிப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஜெனரேட்டர் கொழுந்தை உலர்த்தும் டிரையருக்கே மட்டுமட்டாக இருக்கிறது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

தம்பிக்கு இப்போது தேவை மின்சாரமா, கோப்பா? கோப்புத்தான் என்றால், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டாம். 11 வீதத்தில் மடிக்கணினி பத்து, பதினைந்து நிமிடமாவது நிற்கும். ஒரு கோப்பைப் பிரதியெடுக்க ஒரு நிமிடம் போதும். கைத்தொலைபேசியைக் கம்பியால் இணைத்து, திரையில் வரும் தெரிவுகளில் கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தொட்டு, விலைமனுவைத் தொலைபேசிக்குள் போட்டுவிடுங்கள். உடனே கம்பியைக் கழற்றுங்கள், இல்லையென்றால் தொலைபேசி உங்கள் மிச்சப் பெட்டரியையும் உறிஞ்சிவிடும். அதன் பிறகு மடிக்கணினி செத்தாலும் பரவாயில்லை.

மோட்டர்_தம்பி | 1.58

அக்கா, விலைமனு இன்னும் முடியவில்லை. வாட்டும் தொட்டி விசிறிகளுக்கான மோட்டர்களின் விலை அது. இங்கே ஒரு தோட்டத்தில் நேற்று எண்ணிப் பார்த்த பிறகு சில எண்களை மாற்ற வேண்டியிருக்கிறது, அதனால்தான் மடிக்கணினியை விட்டால் வழியில்லை என்று நினைத்தேன்.

பழைய_பியூஸ் | 2.01

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் எங்கள் அனைவரின் ஒரு மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

கொழுந்து_மடுவம் | 2.05

முதலில் பிரதி, பிறகுதான் திருத்தம். முடியாத கோப்பாக இருந்தாலும் இப்போதே அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் உங்கள் கைத்தொலைபேசிக் கோபுரமும் பெட்டரியில்தான் நிற்கிறது. சில மணி நேரத்தில் அதுவும் தீரும், ஜெனரேட்டர் இல்லாத மலைக் கோபுரங்கள் முதலில் தீரும். மாற்ற வேண்டிய எண்கள் எத்தனை? ஐந்தாறு என்றால் அலுவலகத்தில் இருப்பவரை அழைத்து வாய்மொழியாகச் சொல்லி, அவரையே நிரப்பச் சொல்லலாம். இணையம் போன பிறகும் குரல் அழைப்பு சில வேளை கிடைக்கும்.

பண்டாரவளைக்_குளிர் | 2.09

அக்கா சொல்வதே சரி. திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள், வேறு எதையும் திறக்காதீர்கள்.

அடிவாரத்து_ஆள் | 2.31

எல்லாவற்றையும் விட்டுவிட்டு இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தால் மின்சாரமே வந்துவிடுமே? நீர்மின் நிலையங்கள் பக்கத்தில் இருப்பதால் உங்களுக்குத்தான் முதலில் வரும்.

கூரைச்சூரியன் | 2.44

அப்படி நம்பி உட்கார வேண்டாம். முதலில் எழுப்பப்படுவது நீர்மின் நிலையங்கள்தான், அதில் தவறில்லை. கதவைத் திறந்தால் தண்ணீர் சுழலியைச் சுற்றிவிடும், வெளியிலிருந்து பெரிய மின்சாரம் தேவையில்லை. ஆனால் எழுப்பியதைப் பக்கத்து ஊருக்கு ஊற்றிவிட முடியாது. ஒரு கம்பிக்கு உயிர் கொடுத்து, அதில் கொஞ்சம் பாவனையாளரை ஏற்றி, அதிர்வெண் 50 ஹேர்ட்ஸில் நிலைக்கிறதா என்று பார்த்து, பிறகு அடுத்த துண்டை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாக ஏற்றினால் மறுபடி எல்லாம் விழும். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் வேறு நின்றுபோயிருந்தால், 300 மெகாவொட் பொறிகள் மூன்றும் சூடேறி வருவதற்கு நாட்கள் ஆகும்.

அடிவாரத்து_ஆள் | 3.02

இவ்வளவும் ஒரு குரங்கினாலா? பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி சொல்லியிருக்கிறாரே.

பண்டாரவளைக்_குளிர் | 3.05

எங்கள் ஊரில் குரங்குகள் தினமும் கம்பியில் தொங்குகின்றன. அதிகபட்சம் ஒரு தெரு இருளும், நாடு இருண்டதில்லை.

பழைய_பியூஸ் | 3.11

குரங்கு தொட்டது உண்மையாக இருக்கலாம், அதைக் காரணம் என்று சொல்வது வேறு. ஓர் உபமின்நிலையம் விழுந்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மற்றவை நிற்க வேண்டும், அதற்கென்றுதான் அதிர்வெண் குறைந்தால் தாமாகத் துண்டிக்கும் கருவிகள் இருக்கின்றன. இன்று ஞாயிறு, தொழிற்சாலைகள் மூடியிருப்பதால் பாவனை குறைவு, நல்ல வெயிலில் கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் குவிகிறது. அந்த நேரத்தில் சுழலும் பெரிய பொறிகள் சிலவே ஓடும், ஆகவே சிறு அதிர்ச்சியையும் தாங்கும் கனம் வலையமைப்புக்கு இல்லாமல் போகிறது. கூரைச்சூரியன் அவர்களின் 5 கிலோவொட்டுக்கும் இதில் பங்குண்டு.

கூரைச்சூரியன் | 3.17

என் பணத்தில் நான் போட்ட தகட்டின் மீது பழி சுமத்துவது அழகல்ல. தகடுகள் கூடும் என்று வருடக்கணக்காகத் தெரிந்தும் பெரிய பெட்டரிகளை வலையமைப்பில் வைக்காமல் விட்டது யார்? மாடு மெலிந்ததற்கு உண்ணியைத் திட்டுகிறீர்கள், புல் போடாதவரை விட்டுவிடுகிறீர்கள்.

பழைய_பியூஸ் | 3.20

நான் பழி சுமத்தவில்லை, இயற்பியலைச் சொன்னேன்.

கூரைச்சூரியன் | 3.22

உங்கள் இயற்பியல் எப்போதும் அடுத்தவர் கூரையில்தான் போய் இறங்குகிறது.

கொழுந்து_மடுவம் | 3.36

இருவரும் ஓய்ந்தால் நல்லது. தம்பி ஒன்றரை மணி நேரமாக எதுவும் எழுதவில்லை. கோப்பு போனதா?

பண்டாரவளைக்_குளிர் | 4.20

கோபுரம் தீர்ந்திருக்கும். காசல்ரீப் பக்கம் இருக்கும் என் மைத்துனருக்கும் அழைப்புப் போகவில்லை.

மோட்டர்_தம்பி | இரவு 7.08

இப்போதுதான் இணையம் வந்தது. கொழுந்து மடுவம் அக்கா சொன்னபடி முதலில் பிரதியெடுத்து 2.20 மணிக்கு அனுப்பிவிட்டேன். மடிக்கணினி 4 வீதத்தில் அணைந்தது. மீதி ஆறு விலைகளை அலுவலகத்தில் ஒருவருக்குத் தொலைபேசியில் வாசித்தேன், கடைசி எண்ணைச் சொல்லி முடித்ததும் அழைப்பு அறுந்தது. விலைமனு போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்திருக்கிறது.

கூரைச்சூரியன் அண்ணா, சார்ஜரின் பிளக் சதுரக் காலுள்ள 13 அம்பியர், இந்தப் பழைய விடுதியின் சொக்கெட்டுகள் எல்லாம் உருண்டைத் துளை. இடையில் கடையில் வாங்கிய மல்டி பிளக் ஒன்றைச் செருகியிருந்தேன். நீங்கள் கேட்ட பிறகு தொட்டுப் பார்த்தேன், அது தொட்டால் ஆடியது. சமையற்காரரிடம் வேறொன்றை வாங்கி மாற்றியதும் விளக்கு நின்று எரிந்தது. ஆனால் ஐந்து நிமிடத்தில் ஜெனரேட்டருக்குப் பெற்றோல் தீர்ந்துவிட்டது. நிரப்பு நிலையத்திலும் மின்சாரம் இல்லாததால் பம்பி ஓடவில்லை. அனைவருக்கும் நன்றி.

அடிவாரத்து_ஆள் | 7.15

எதற்கும் பெட்டரியையும் ஒருமுறை காட்டுங்கள்.

பழைய_பியூஸ் | 7.31

தளர்ந்த மல்டி பிளக் பற்றி என் குறிப்பில் இல்லை. சேர்த்துவிடுகிறேன்.

கொழுந்து_மடுவம் | திங்கள், 10 பெப்ரவரி, முற்பகல் 10.12

கூட்டம் எப்படிப் போனது தம்பி? இன்றும் நாளையும் மாலையில் ஒன்றரை மணி நேரம் சுழற்சி முறையில் மின்வெட்டு என்று அறிவித்திருக்கிறார்கள், நுரைச்சோலை இன்னும் எழவில்லை. நோட்டனிலேயே இருந்தால் இப்போதே சார்ஜ் போட்டு வையுங்கள். எங்கள் தொட்டியில் நேற்றைய கொழுந்து பாதி சிவந்துவிட்டது. அந்த விசிறி மோட்டர்களின் விலையை தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் எங்கள் டீமேக்கரும் கேட்கிறார், முடிந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.