அரியமான் போய் வருவதற்குள் மூன்று பஞ்சர்: டியூப்லெஸா, பட்டையா?

உச்சிப்புளி சைக்கிள்: போன ஞாயிறு காலை அரியமான் கடற்கரைக்கு ஒரு சுற்று போனேன். திரும்பி வருவதற்குள் மூன்று பஞ்சர். மூன்றாவதற்குப் பேட்ச் தீர்ந்துபோய் வீடுவரை உருட்டிக்கொண்டே வந்தேன். மவுண்டன் பைக்தான், 27.5-க்கு 2.1 டயர், தேயவே இல்லை. ஒருவர் டியூப்லெஸ் ஆக்கச் சொல்கிறார், இன்னொருவர் டயருக்குள் பட்டை வைக்கச் சொல்கிறார். நம்மூர் முள்ளுக்கு எது தாங்கும்?

மண்டபம் தம்பி: யோசிக்கவே வேண்டாம் அண்ணே, டியூப்லெஸ்தான். ஒரு டயருக்குச் சுமார் 100 மில்லி பால், அதாவது ஓட்டை அடைக்கிற சீலன்ட் திரவம், ஊற்றினால் போதும். சக்கரம் சுற்றச் சுற்ற அது உள்ளே பரவி நிற்கும். முள் குத்தினால் காற்றோடு வெளியே வரும்போதே ஓட்டையில் உறைந்து அடைத்துவிடும். நெருஞ்சி ஏறினது நமக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் வந்து பிடுங்கினால் ஒரு சொட்டு வெள்ளை எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

கீழக்கரை காக்கா: நெருஞ்சி சின்னப் பிள்ளை தம்பி. சீமைக் கருவேலத்துக்கு என்ன சொல்கிறீர்கள்? விறகும் கரியும் ஏற்றப் போகிற வண்டியிலிருந்து விழுந்த கிளை காய்ந்து ரோட்டோரம் கிடக்கும். அந்த முள் டயரின் பக்கவாட்டில் கிழித்தால் உங்கள் பால் ஒழுகிக்கொண்டே இருக்கும், அடைக்காது. அதுவும் நம்ம வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். அப்புறம் உள்ளே பிசின்தான் மிச்சம். நான் வாப்பாவின் சைக்கிள் கடையில் வளர்ந்தவன். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைத்துவிடுவோம். செலவே இல்லை.

மண்டபம் தம்பி: அந்தப் பட்டையின் முனையே டியூபைத் தேய்த்து ஓட்டை போடும் காக்கா. எனக்கே நடந்திருக்கிறது. எடை வேறு கூடும். பால் காய்கிறது, உண்மைதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வு வழியாக ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான், ஐந்து நிமிட வேலை. நான் வாராவாரம் அரிச்சல்முனை போய் வருகிறேன், ஒரு வருடமாக ரோட்டில் உட்கார்ந்ததில்லை.

கீழக்கரை காக்கா: அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடுதானே! ஏர்வாடி தாண்டி வாலிநோக்கம் பக்கம் மண் பாதையில் ஒருநாள் வாருங்கள், பேசுவோம். பட்டையின் முனையை அப்படியே விட்டால் தேய்க்கத்தான் செய்யும். கத்தியால் சாய்வாகச் சீவி மெல்லிசாக்க வேண்டும், முகப் பவுடரும் கொஞ்சம் தூவ வேண்டும். வேலை தெரியாதவன் வைத்தால் பட்டையைக் குறை சொல்லக்கூடாது.

தொண்டி டீச்சர்: இரண்டு பேரும் மருந்து சொல்கிறீர்கள், நோய் என்னவென்று யாராவது கேட்டீர்களா? உச்சிப்புளிக்காரரே, மூன்று ஓட்டையும் டியூபில் எங்கே இருந்தன? அந்த டியூபைத் தூக்கிப் போடாமல் இருந்தால் காற்றடித்துத் தண்ணீரில் முக்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.

உச்சிப்புளி சைக்கிள்: பார்த்தேன் டீச்சர். முதல் ஒட்டுக்குப் பக்கத்திலேயே, அரை விரல் தள்ளி இரண்டாவது ஒட்டு இருக்கிறது. மூன்றாவது வேறு இடம். அங்கே அடுத்தடுத்து இரண்டு சின்னக் கீறல். மணலில் ஓட்டக் காற்றை இறக்கியிருந்தேன், திரும்பும்போது அடிக்க மறந்துவிட்டேன்.

தொண்டி டீச்சர்: அப்படியானால் முள் குத்தியது ஒருமுறைதான். முள்ளின் நுனி டயருக்குள் ஒடிந்து நின்றிருக்கும், நீங்கள் டியூபை மட்டும் ஒட்டி மாட்டிவிட்டீர்கள். அதே நுனி மறுபடி குத்தியிருக்கிறது. மூன்றாவது முள்ளே இல்லை. காற்று குறைந்த சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ரிம்மும் டயரும் சேர்ந்து டியூபை நசுக்கும். பாம்பு கடித்த மாதிரி இரண்டு தடம் விழும். மணலுக்குக் காற்றழுத்தத்தை 25 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். ரோடு ஏறினதும் 40-க்குக் கொண்டு வந்துவிட வேண்டும், டயரில் போட்டிருக்கும் எல்லையைத் தாண்டாமல். குட்டிப் பம்பு ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

மண்டபம் தம்பி: டீச்சர், இதையும் என் பக்கம்தான் எழுதுவேன். டியூப் இல்லாவிட்டால் எது நசுங்கும்?

தொண்டி டீச்சர்: ரிம் நசுங்கும் தம்பி. டியூப் நூற்றுக்கணக்கில், ரிம் ஆயிரக்கணக்கில். அவருடைய ரிம் டியூப்லெஸுக்குத் தோதானதா என்று இன்னும் நீங்கள் கேட்கவே இல்லை.

உச்சிப்புளி சைக்கிள்: இல்லையாம், இப்போதுதான் விசாரித்தேன். மாற்றினால் சக்கரத்தையே மாற்ற வேண்டுமாம்.

மண்டபம் தம்பி: சரி, அந்த ரிம் இருக்கும்வரை வேண்டாம். அடுத்த வண்டி வாங்கும்போது என்னைக் கேட்காமல் வாங்காதீர்கள் அண்ணே. இப்போதைக்கு வால்வு கழற்றுகிற மாதிரி டியூப் கிடைத்தால் அதற்குள்ளேயே கொஞ்சம் பால் ஊற்றுங்கள், நெருஞ்சிக்குப் போதும்.

கீழக்கரை காக்கா: பட்டையும் வையுங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை. ஆனால் முதலில் அந்த நுனியை எடுங்கள். விரலை விட்டுத் தடவாதீர்கள், கிழித்துவிடும். பஞ்சை உள்ளே ஓட்டுங்கள், எங்கே சிக்குகிறதோ அங்கே முள்.

உச்சிப்புளி சைக்கிள்: பஞ்சு சிக்கியது காக்கா. அரிசியில் பாதி கூட இல்லை, இடுக்கியால்தான் எடுக்க முடிந்தது. கருவேலம்தான்.

மண்டபம் தம்பி: அதையும் பால் அடைத்திருக்கும்.