எடைமேடை கம்ப்யூட்டரில் இன்டரப்ட் கணக்கு: எதைப் பார்ப்பது?

கோபாலபுரம் எடைமேடை:
செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் எடைமேடை. கேரளாவுக்குப் போகும் வைக்கோல் லாரி ஏறி நின்றால் இண்டிகேட்டரில் (எடை காட்டும் பெட்டி) எடை சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் சீரியல் போர்ட் வழியாக அதை வாங்கும் லினக்ஸ் கம்ப்யூட்டரில் சில நேரம் ஓர் இலக்கம் விழுந்து 18460 கிலோ 1840 ஆகிவிடுகிறது, டிரைவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். ப்ராக் டைரக்டரியில், சாதனங்கள் சிபியூவைக் கூப்பிடும் சிக்னல்களை (இன்டரப்ட்) எண்ணி வைக்கும் இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்தால் 9-ஆம் வரியில் ஏசிபிஐ (பவர் நிர்வாகம்) என்று போட்டுக் கோடிக்கணக்கில் நிற்கிறது. சீரியல் போர்ட்டின் 4-ஆம் வரி சில சமயம் காணவே காணோம். இதை எப்படிப் படிப்பதுங்க?

கொழிஞ்சாம்பாறை:
முதலில் ஐஆர்க்யூ எண் (இன்டரப்ட் வரும் லைனின் எண்), அப்புறம் ஒவ்வொரு சிபியூவுக்கும் ஓர் எண்ணிக்கை, பிறகு கன்ட்ரோலர் பெயர், கடைசியில் எந்த டிரைவர் என்பது. எண்ணிக்கை பூட் ஆனதிலிருந்து கூடிக்கொண்டே வருவது, அதனால் பெரிய எண்ணைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று வாட்ச் கட்டளையில் பாருங்கள். 4 காணாமல் போவது பழுதல்ல, போர்ட்டைத் திறக்கும்போதுதான் சீரியல் டிரைவர் ஐஆர்க்யூவை வாங்கும், மூடினால் விட்டுவிடும். சும்மா இருக்கும்போதே 9-ஆம் வரி ஒரு விநாடிக்கு ஆயிரக்கணக்கில் ஏறினால் ஏதோ ஒரு ஜிபிஇ (ஏசிபிஐக்கு வன்பொருள் அனுப்பும் நிகழ்வு சிக்னல்) ஓயாமல் அடிக்கிறது. சிஸ், ஃபர்ம்வேர், ஏசிபிஐ, இன்டரப்ட்ஸ் என்று உள்ளே போனால் ஒவ்வொரு ஜிபிஇக்கும் ஒரு கோப்பு இருக்கும். எண் ஏறுகிற கோப்பில் ரூட்டாக டிசேபிள் என்று எழுதுங்கள். ரீபூட் செய்தால் திரும்ப எழுதணும்.

வேலந்தாவளம்:
9-க்கு அது சரி. எடை விழுவதற்கும் அதுதான் காரணம் என்று நான் நம்பவில்லை. 9600 பாட் (சீரியல் லைனின் வேகம்) என்றால் விநாடிக்குச் சுமார் 960 எழுத்து, சீரியல் போர்ட்டின் 16550ஏ சிப்பில் 16 பைட் ஃபிஃபோ (வந்த எழுத்துகள் காத்திருக்கும் இடம்) இருக்கிறது, அது நிரம்பி வழியும் வரை கெர்னல் கவனிக்காமல் இருப்பது அபூர்வம். இன்டரப்ட்ஸ் கோப்பு எத்தனை வந்தது என்றுதான் சொல்லும், எது தொலைந்தது என்று சொல்லாது. ப்ராக்கில் டிடிஒய், டிரைவர், அதற்குள் சீரியல் கோப்பைப் பாருங்கள். ஓஇ (ஓவர்ரன் எரர்) ஏறினால் கம்ப்யூட்டர் எடுக்கத் தாமதிக்கிறது. எஃப்இ (ஃப்ரேமிங் எரர்) ஏறினால் வயரில் இரைச்சல், இல்லை பாட் பொருந்தவில்லை. பூஜ்யமாக இருந்தால் அந்தப் பெயரே வராது.

கோபாலபுரம் எடைமேடை:
9 அடங்கிவிட்டது, ஃபேன் சத்தமும் குறைந்தது, எடை மட்டும் இன்னும் விழுகிறது. ஓஇ இல்லவே இல்லைங்க. போர்வெல் மோட்டார் ஓடும்போதெல்லாம் எஃப்இ ஏறுகிறது. இரண்டு வயரும் ஒரே பைப்பில்தான் போகிறது.

வேலந்தாவளம்:
அப்படிப் போட்டவரை என்ன சொல்ல! தனிப் பைப், ஷீல்டு உள்ள கேபிள், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். தூரம் 15 மீட்டரைத் தாண்டினால், இண்டிகேட்டரில் ஆர்எஸ்-485 (நீண்ட தூரத்துக்கு ஏற்ற சீரியல் இணைப்பு) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதற்கே மாறிவிடுங்கள்.