காட்டுப் பெரியவர் சொன்னதை ஆய்வில் சேர்க்கலாமா?

புல்வெளி92:
முதுகலைத் தாவரவியல் கடைசி ஆண்டு. சத்தியமங்கலம் பக்கம் உண்ணிச்செடி (லான்டானா என்கிற அயல்நாட்டுப் புதர்) எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஒரு சின்ன ஆய்வு. மூன்று வாரமாகக் கயிறு கட்டி, சதுரம் சதுரமாக எண்ணிக் கையெல்லாம் முள் கீறல். கூட வந்த சோளகர் பழங்குடிப் பெரியவர் சாதாரணமாக, "தீ வைக்கிறத நிறுத்தினாங்க, இது ஏறிப்போச்சு" என்றார். வழிகாட்டியோ அது வெறும் பேச்சு, எடுத்துவிடு என்கிறார். சேர்க்க வழியே இல்லையா?

கல்லாற்றுக்காரன்:
ஏன் இல்லை? பக்கத்தில் கர்நாடகத்து பிலிகிரிரங்கன் மலையிலேயே செய்திருக்கிறார்கள். 1997இல் எண்ணிய இடங்களை 2008இல் மறுபடி எண்ணியபோது, உண்ணி இருந்த இடங்கள் 41 சதவீதத்திலிருந்து 81 ஆகியிருந்தன. அதோடு விடாமல் அங்குள்ள சோளிகர்களிடமும் (சோளகர்தான், அங்கே இப்படிச் சொல்வார்கள்) உட்கார்ந்து கேட்டார்கள். அவர்கள் சொன்னது 'தரகு பெங்கி', சருகுத்தீ. சருகு அதிகம் சேருவதற்குள், கோடைத் தொடக்கத்திலேயே வைக்கிற தாழ்வான தீ. உண்ணி நாற்று கருகிவிடும், பெரிய மரம் தப்பிவிடும். 1974இல் சரணாலயம் ஆனதும் அந்தப் பழக்கத்துக்குத் தடை.

சந்தேகப்பேர்வழி:
சரி, அதற்காக 'தீ நல்லது' என்று எழுதிவிடாதீர்கள். தீயே உண்ணியைப் பரப்புகிறது என்றும் ஒரு கருத்து உண்டு. புதர் ஆள் உயரம் வளர்ந்தபின் பற்றினால் தீ மரத்துக்கு ஏறும், உண்ணி அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். எந்த மாதம், எந்தச் சரிவு, கடைசியாக எப்போது எரிந்தது என்று பெரியவரிடம் கேளுங்கள். பதிலை உங்கள் சதுரங்களோடு ஒட்டிப் பாருங்கள், அப்புறம் அதை யார் வெறும் பேச்சு என்பார்?

தாளவாடியான்:
இன்னொன்று. நெல்லிக்காய் எடுக்கப் போகிறவர்கள் மரத்தை உறிஞ்சி வாழும் புல்லுருவி பிடித்த கிளையை அரிவாளால் தட்டிவிட்டு வருவார்கள். பிலிகிரியில் 2006இல் விற்பனைக்குச் சேகரிக்கத் தடை வந்தது, தட்டிவிட ஆளில்லை. 2011இல்தான் சோளிகர்களுக்குச் சமூக வன உரிமை (காட்டு விளைபொருளை ஊராகச் சேர்ந்து எடுக்கிற சட்ட உரிமை) கிடைத்தது, புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. செடியை மட்டும் எண்ணினால் இந்தக் கதை எதுவும் அட்டவணையில் வராது. பெரியவர் பெயரைப் போடுவதானால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

புல்வெளி92:
இப்போதுதான் போனில் பேசினேன். தை மாசமாம், "பனி முழுசா காயறதுக்குள்ள". என் சதுரங்களில் மூன்று, அவர் சின்ன வயதில் அப்பாவோடு தீ வைத்த சரிவிலேயே விழுந்திருக்கிறதாம்!