மீனம்பாக்கத்தில் இறங்கும்போது மட்டும் ஃப்ளைட் சிமுலேட்டர் திக்குகிறது, ரேம் கூட்டியும் மாற்றமில்லை

காட்பாடி செஸ்னா:

வணக்கம். ஒரு மாதமாக மண்டையைக் குடையும் விஷயம், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 வைத்திருக்கிறேன். மகள் பத்தாம் வகுப்பு, பைலட் ஆகியே தீருவேன் என்கிறாள். ஞாயிறு காலையில் இருவரும் செஸ்னா 152-இல் மீனம்பாக்கத்தில் கிளம்பி, காஞ்சிபுரம் தாண்டியதும் பாலாற்றைப் பிடித்துக்கொண்டு மேற்கே வந்து, வாலாஜா, ஆற்காடு எல்லாம் பார்த்து, வேலூர்க் கோட்டை அகழியை ஒரு வட்டம் அடித்துவிட்டு, வேலூர் விமான நிலையம் இருக்கும் அப்துல்லாபுரத்தில் இறக்குவோம். நேர்க்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டர்தான். ஆற்றின் மேல் வரும்போது அலுங்காமல் குலுங்காமல் வருகிறது. திரும்பப் போய் மீனம்பாக்கத்தில் இறங்கும்போதுதான் வினை. கட்டடங்கள் நெருங்க நெருங்கத் திக்க ஆரம்பிக்கும். 200 அடி உயரத்தில் படம் அரை நொடி நின்றுவிட்டுக் குதிக்கும், அவள் பிடித்திருந்த கோணம் போய்விடும். போன வாரம் மூன்று முறை இதே மாதிரி ஆகி, "எனக்கு இறக்கவே வராதாப்பா?" என்று கேட்டாள். அவள் கை சரியாகத்தான் இருக்கிறது, கம்ப்யூட்டர்தான் கெடுக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதை எப்படியாவது சரி செய்ய வேண்டும்.

பிராசசர் ரைசன் 5 3600, கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 6 ஜிபி, எஸ்எஸ்டி, 60 ஹெர்ட்ஸ் 1080 மானிட்டர். 8 ஜிபி ரேம் இருந்தது, டிடிஆர்4 3200. ரேம் போதவில்லை என்று ஒரு கடையில் சொன்னார்கள், அங்கேயே இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தேன் (கம்பெனி வேறு, அதுவும் 3200தான்). நொடிக்கு வரும் படங்களின் சராசரி கொஞ்சம் ஏறியது, திக்கல் போகவில்லை. டெக்ஸ்சர் அல்ட்ரா, டெரைன் டீடெய்ல் (எவ்வளவு தூரம் வரை நிலத்தை நுணுக்கமாகக் காட்டும் என்பது) 200, ரெண்டர் ஸ்கேலிங் (திரையின் அளவில் எத்தனை சதவீதத்தில் படம் வரையப்படும் என்பது) 100, மேகம் ஹை, விசிங்க் (திரை மாறும் வேகத்தோடு படத்தைச் சேர்த்து ஓட்டும் செட்டிங்) ஆஃப். 32 ஜிபியாக்கினால் சரியாகிவிடுமா?

சத்துவாச்சாரி:

32 வாங்கும் முன் பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) நிறுத்திப் பாருங்கள் சார். 16 ஜிபி இருக்கும்போது விண்டோஸ் எதற்கு எஸ்எஸ்டியில் எழுத வேண்டும்? ரேம் கிளீனர் ஒன்றும் போட்டு, பறக்கும் முன் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள்.

ஆற்காட்டு அண்ணன்:

பேஜ் ஃபைலைத் தொடாதீர்கள், தயவுசெய்து. சத்துவாச்சாரி நண்பர் நல்லதுக்குத்தான் சொல்கிறார், ஆனால் இந்த சிமுலேட்டர் உண்மையில் பயன்படுத்துவதைவிட அதிகமான மெமரியைத் தனக்கென்று கேட்டு ஒதுக்கி வைத்துக்கொள்ளும். பேஜ் ஃபைல் இல்லையென்றால் அந்த ஒதுக்கீட்டுக்கு எல்லையே உங்கள் 16 ஜிபிதான், அது நிரம்பிய நிமிடம் சிமுலேட்டர் ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது, இரண்டும் இறங்கப் போகும் நேரம். விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று எஸ்எஸ்டியில் விட்டுவிடுங்கள். ரேம் கிளீனரும் வேண்டாம். அது தயாராக வைத்திருந்ததையெல்லாம் வெளியே தள்ளிவிடும், சிமுலேட்டர் அதையே திரும்பப் படிக்கும்போது இன்னும் திக்கும். பிரவுசரை மூடுங்கள், அதுவே போதும்.

32 ஜிபியும் இப்போது வாங்காதீர்கள். 2020 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் குறைந்தபட்சம் 8, பரிந்துரை 16 என்றுதான் சொன்னது. 2024 பதிப்புக்குத்தான் அது 16, 32 என்று ஏறியது. உங்களிடம் அளவு இருக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

செட்டிங்ஸில் எதையும் மாற்றும் முன் எங்கே அடைக்கிறது என்று பாருங்கள். ஜெனரல் ஆப்ஷன்ஸில் டெவலப்பர் மோடை ஆன் செய்தால் மேலே ஒரு மெனு வரும், அதில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) காட்டும் பெட்டியைத் திறங்கள். மெயின் த்ரெட் என்று வந்தால் பிராசசர் பக்கம் தடங்கல், ஜிபியு என்று வந்தால் கார்டு பக்கம். இந்த ஒரு வரி தெரியாமல் ஸ்லைடர்களை இழுத்துக்கொண்டிருப்பது, எங்கே வலிக்கிறது என்று கேட்காமலே மாத்திரை கொடுப்பது மாதிரி.

அப்புறம் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் போய், ஸ்பீட் என்ன, எத்தனை ஸ்லாட் என்று பார்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் சைடு மூடியைத் திறந்து ரேம் எந்த ஸ்லாட்களில் இருக்கிறது என்றும் பாருங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

காட்பாடி செஸ்னா:

பார்த்தேன் அண்ணா. பாலாற்றின் மேல் ஜிபியு என்று வருகிறது, மீனம்பாக்கம் நெருங்கியதும் மெயின் த்ரெட். டாஸ்க் மேனேஜரில் ஸ்பீட் 2400, நாலில் 2 ஸ்லாட். 3200 என்று எழுதித்தானே விற்றார்கள்? மூடியைத் திறந்தால் ரேம் இரண்டும் பிராசசர் பக்கமிருந்து முதல், இரண்டாவது ஸ்லாட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது.

ஆற்காட்டு அண்ணன்:

சந்தேகப்பட்டதேதான்.

நாலு ஸ்லாட் போர்டில் முதல் இரண்டும் ஒரே சேனல், அதாவது பிராசசருக்குத் தகவல் போகும் ஒரே வழி. இரண்டையும் அங்கே போட்டால் அளவு 16 ஆகும், வழி ஒன்றுதான். பெரும்பாலான போர்டுகளில் இரண்டு ரேம் என்றால் 2, 4 ஆகிய ஸ்லாட்கள், போர்டில் ஏ2, பி2 என்று அச்சடித்திருக்கும். ஸ்பீட் 2400 காட்டுவது எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆஃபில் இருப்பதால். ரேமின் மேல் 3200 என்று போட்டிருந்தாலும் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) போய் நாம் ஆன் செய்யாதவரை அது பழைய பொது வேகத்தில்தான் ஓடும். ஏமாற்று வேலை இல்லை, ஆனால் விற்பவர்கள் சொல்லித் தர வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2400 வேகம், ஒரு சேனல் என்றால் நொடிக்கு 19.2 ஜிபி. 3200, இரண்டு சேனல் என்றால் 51.2 ஜிபி. கூடுதலாக ஒரு ரூபாய் போடாமல் இரண்டரை மடங்குக்கு மேல். ரைசன் 3600-இல் இது இன்னும் முக்கியம், அதன் உள் இணைப்பின் வேகமே ரேம் வேகத்தோடு சேர்ந்து ஏறுவது. ஊர் நெருங்கும்போது மெயின் த்ரெட் ஆயிரக்கணக்கான கட்டடங்களையும் விமானங்களையும் மெமரியிலிருந்து எடுத்தபடியே இருக்கிறது, கேட்டது வருவதற்குத் தாமதமானால் அந்த ஃப்ரேம் நிற்கிறது. நீங்கள் பார்ப்பது அதுதான்.

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமை மாற்றுங்கள், பிறகு பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள். இரண்டு கம்பெனி ரேம் என்பதால் 3200 நிற்காமல் போகலாம், திரை கறுப்பாகவே இருந்தால் பயப்படாதீர்கள், அதுவே இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டுப் பழைய வேகத்துக்கு வரும், வராவிட்டால் போர்டு மேனுவலில் சிமோஸ் கிளியர் செய்வது (பயாஸ் செட்டிங்ஸைப் பழையபடி ஆக்குவது) எப்படி என்று இருக்கும். வேகத்தை 3000-க்கு இறக்கிப் பாருங்கள். எது நின்றாலும் ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கும் மென்பொருள்) ஓட்டுங்கள், ஒரு எரர் வந்தாலும் அந்த வேகம் வேண்டாம்.

ராணிப்பேட்டை ரன்வே:

ரேம் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார், நான் படத்தின் பக்கம் சொல்கிறேன்.

6 ஜிபி கார்டில் டெக்ஸ்சர் அல்ட்ரா வேண்டாம். வீடியோ மெமரி நிரம்பினால் மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் ரேமில் வைக்கும், அங்கிருந்து எடுத்து வருவதற்குள் திக்கும். ஹை போதும், செஸ்னா டேஷ்போர்டில் எழுத்து நன்றாகவே தெரியும். டைரக்ட்எக்ஸ் 11-லேயே இருங்கள், 2020-இல் 12-க்கு மாறினால் வீடியோ மெமரி இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். டெரைன் டீடெய்லை 100-க்குக் கொண்டுவாருங்கள், அது மெயின் த்ரெட்டின் தலையில் நேராக ஏறும் சுமை. தானாக ஓடும் விமானப் போக்குவரத்தையும் குறையுங்கள். மேகத்தை ஹையிலேயே விடலாம், அது கார்டின் வேலை.

முக்கியமாக விசிங்கை ஆன் செய்து 30-இல் பூட்டுங்கள். 30 என்றதும் குறைவு என்று எல்லோரும் முகம் சுளிப்பார்கள், நானும் சுளித்தேன். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 தடவை மாறுகிறது, 30 கொடுத்தால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு தடவை நிற்கும், ஒரே சீர். 40 வந்தால் ஒரு படம் ஒரு தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று நொண்டும், எண் அதிகம் ஆனால் கண்ணுக்குக் கெட்டது. இறங்கும்போது கைக்கு வேண்டியது சீர்தான். பாலாற்றின் மேல் 50, மீனம்பாக்கத்தில் 24 என்று ஓடவிட்டால் கை எதற்குமே பழகாது.

இன்னொன்று, நம் ஊர் வெயில். அக்னி நட்சத்திரத்தில் மாடி அறையில் மூடிய மேஜைக்குள் கேபினட் இருந்தால் கார்டு 80 டிகிரிக்கு மேல் போய்த் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெளியே எடுத்து வையுங்கள், ஃபேனிலும் ஹீட்சிங்க்கிலும் இருக்கும் தூசியைத் தட்டுங்கள். போன மே மாதம் எனக்கு இரண்டு மணி நேரம் பறந்த பிறகு மட்டும் திக்கல் வரும், தூசி தட்டியதும் நின்றது.

சத்துவாச்சாரி:

பேஜ் ஃபைல் விஷயத்தில் நான் தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். என் கம்ப்யூட்டரிலும் திரும்ப ஆன் செய்துவிட்டேன். சும்மா மூடியைத் திறந்து பார்த்தால் என் ரேமும் முதல் இரண்டு ஸ்லாட்டில்தான் இருக்கிறது.

காட்பாடி செஸ்னா:

நாலு நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரேமை 2, 4-க்கு மாற்றினேன். 3200-இல் விண்டோஸ் வந்தது, ஆனால் மெம்டெஸ்டில் எரர். 3000-இல் ராத்திரி முழுக்க ஓடி ஒரு எரரும் இல்லை, அப்படியே விட்டுவிட்டேன். டெக்ஸ்சர் ஹை, டெரைன் 100, விசிங்க் 30. கேபினட்டை மேஜைக்குள்ளிருந்து எடுத்துத் தனி ஸ்டூலில் வைத்தாயிற்று, உள்ளே இருந்த தூசியைச் சொல்ல வேண்டாம்.

இன்று காலை மீனம்பாக்கத்தில் 30 அப்படியே நின்றது. விமான நிலையக் கட்டடத்துக்குப் பக்கத்தில் மட்டும் 27 வரை இறங்கி உடனே ஏறியது, குதிக்கவில்லை. மகள் ஐந்து முறை சுற்றி வந்தாள், நாலு முறை நடுக்கோட்டில் இறக்கினாள். ஐந்தாவது கொஞ்சம் தள்ளிப் போயிற்று, அது காற்று, அவளே சொன்னாள்.

ஒரே ஒரு கேள்வி. டிஎல்எஸ்எஸ் (சிறிதாக வரைந்த படத்தைக் கார்டே பெரிதாக்கித் தரும் வசதி) போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்கிறார்கள், என் மெனுவில் அது இல்லையே?

ராணிப்பேட்டை ரன்வே:

இருக்காது சார், டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டும்தான். ஜிடிஎக்ஸ் எதிலும் வராது. மேகம் கனத்த நாளில் கார்டு திணறினால் ரெண்டர் ஸ்கேலிங்கை 90-க்கு இறக்குங்கள், அதற்குக் கீழே போனால் தூரத்து ஓடுபாதை எண்கள் மங்கும்.

ஆற்காட்டு அண்ணன்:

3000-இல் நொடிக்கு 48 ஜிபி வருகிறது, தாராளம். அடுத்த ஞாயிறு பாப்பாவை அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளத்துக்குக் கூட்டிப் போங்கள். ஓடுபாதை நாலு கிலோமீட்டர் அளவுக்கு நீளம், சுற்றிலும் வயல், கம்ப்யூட்டருக்கும் சுமையில்லை. குறுக்குக் காற்றை 10 நாட் வைத்து அங்கே பழகட்டும், அப்புறம் மீனம்பாக்கம்.