கரண்ட் போய் வந்தால் ஹால் திரையில் பிழைப் பக்கம்: பழைய மானிட்டர் + ராஸ்பெரி பை 3, உதவி தேவை

பாளை_மாடி:

வணக்கம். சும்மா கிடந்த 19 அங்குல மானிட்டரை ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுச்சுவரில் மாட்டி, பின்னால் ஒரு ராஸ்பெரி பை 3 பி (கையடக்கக் குட்டிக் கணினி) ஒட்டி, வீட்டுக்கான தகவல் பலகையாக வைத்திருக்கிறேன். மணி, தேதி, ராகுகாலம், பிள்ளைகளின் வேன் நேரம், இன்று குழாயில் தண்ணீர் வரும் நாளா இல்லையா, அம்மாவின் மருந்து நேரம் எல்லாம் அதில் தெரியும். பக்கத்தை என் மைத்துனர் எழுதி அவருடைய சர்வரில் வைத்திருக்கிறார். பை ஆன் ஆனதும் குரோமியம் பிரவுசர் முழுத்திரையில் அதைத் திறக்கும். கீபோர்டும் மவுஸும் செருகி வைக்கவில்லை.

ஆடியில் மாட்டியபோது அருமையாக ஓடியது. ஐப்பசி மழை பிடித்த பிறகு கரண்ட் அடிக்கடி போய் வருகிறது. திரும்பி வந்ததும் எங்கள் பக்கம் வருவதற்குப் பதில், இந்த இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்கிற மாதிரி சிவப்பு முக்கோணத்தோடு ஒரு பிழைப் பக்கம் வந்து நிற்கிறது. எல்லா நேரமும் இல்லை. சில சமயம் தானாகவே சரியாக வந்துவிடுகிறது. மவுஸைச் செருகி ரீலோட் கொடுத்தால் உடனே சரியாகிவிடுகிறது. ஆனால் நான் காலையில் கிளம்பினால் இரவில்தான் வீடு வருகிறேன்.

அம்மா இன்சுலின் போட்டுக்கொள்வதும் சாப்பிடுவதும் இந்தத் திரையைப் பார்த்துத்தான். அதனால் இதை அரைகுறையாக விட மனமில்லை. யாரும் தொடாமல் தானாக எழுந்து சரியாக நிற்க வேண்டும். என்ன செய்யலாம்?

சோலைக்குயில்:

முதலில் அடாப்டரைப் பாருங்கள். பை 3-க்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் வேண்டும். பழைய செல்போன் சார்ஜர் போட்டு ஓட்டுபவர்கள்தான் அதிகம். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரையின் மூலையில் மின்னல் குறி ஒன்று வரும். அது வருகிறதா? கரண்ட் போய்ப் போய் வருகிற வீட்டில் எஸ்டி கார்டும் கெட்டுப்போயிருக்கலாம்.

பாளை_மாடி:

மின்னல் குறி இல்லை, அடாப்டர் பைக்கென்றே வாங்கியது. கார்டும் நன்றாக இருக்கிறது. கார்டு கெடக்கூடாது என்றுதான் மாட்டும்போதே பையின் அமைப்பு மெனுவான ராஸ்பி-கான்ஃபிக்கில், கார்டில் எதையும் எழுதவிடாத ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை ஆன் செய்துவிட்டேன்.

வெண்கலமணி:

தம்பி, ஓவர்லே ஆன் செய்திருக்கிறேன் என்று சொன்னீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த தடவை பிழை வரும்போது ரீலோட் கொடுத்துவிடாதீர்கள். மவுஸைச் செருகி, அதே பக்கத்தில் கூடுதல் விவரம் காட்டும் பட்டனை அழுத்துங்கள். கணினியின் கடிகாரம் இன்ன தேதியில் இருக்கிறது, அது சரியா என்று ஒரு வரி கேட்கும். அந்தத் தேதியை அப்படியே இங்கே எழுதுங்கள்.

பாளை_மாடி:

இன்று சாயங்காலம் மழையில் கரண்ட் போய் வந்தது, பிழையும் வந்தது. பார்த்தேன். ஆகஸ்ட் 3, 2025 ஞாயிற்றுக்கிழமை என்று காட்டுகிறது! நாம் இருப்பது அக்டோபர் கடைசி. அதற்குள் பிள்ளை ரீலோட் கொடுத்துவிட்டான், பக்கம் சரியான தேதியோடு வந்துவிட்டது. ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு. அன்றைக்குத்தான் எல்லா வேலையும் முடித்து ஓவர்லேயை ஆன் செய்து சுவரில் மாட்டினேன்.

வெண்கலமணி:

அப்படியானால் பிடித்துவிட்டோம். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், காரணம் தெரிந்தால்தான் சரிசெய்ததில் நம்பிக்கை வரும்.

பை 3-இல் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. பை 5-இல்தான் கடிகாரத்தைப் பலகையிலேயே வைத்தார்கள், அதற்கும் பேட்டரியைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். மற்ற பைகளில் கரண்ட் போனால் நேரம் போய்விடும். அதைச் சமாளிக்க, ஓடிக்கொண்டிருக்கும்போதே அவ்வப்போது நேரத்தைக் கார்டில் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். மறுபடி எழும்போது அந்த நேரத்திலிருந்து தொடங்கி, நெட் வந்ததும் சரியான நேரத்தை வாங்கித் திருத்திக்கொள்ளும்.

உங்கள் வீட்டில் ஓவர்லே ஆன். அதாவது கார்டில் எதுவுமே நிலையாக எழுதப்படாது, எல்லாம் நினைவகத்தில் எழுதப்பட்டு கரண்ட் போனதும் அழிந்துவிடும். குறித்து வைத்த நேரமும் அப்படியே. ஆகவே உங்கள் பை ஒவ்வொரு தடவையும் ஆடிப்பெருக்கு அன்றுதான் கண்விழிக்கிறது.

சரி, அதற்கும் பிழைப் பக்கத்துக்கும் என்ன தொடர்பு? பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அது இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். இலவசமாகக் கிடைக்கும் சான்றிதழ்கள் பெரும்பாலும் 90 நாள் செல்லும், முடிவதற்கு ஒரு மாதம் முன்பே சர்வர் தானாகப் புதுப்பித்துக்கொள்வது வழக்கம். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைத்துனரின் சர்வரில் இருந்தது ஆகஸ்ட் 3-க்கு முன்பே வாங்கிய சான்றிதழாக இருந்திருக்கும். கடிகாரம் பின்னால் இருந்தாலும் அது செல்லும், அதனால் கண்ணில் படவில்லை. பிறகு சர்வர் புதுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறது. ஆகஸ்டிலேயே நிற்கும் பைக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். உடனே குரோமியம் கதவை அடைத்துவிடுகிறது. மழைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு, கரண்ட் அடிக்கடி போனது மட்டும்தான்.

சில தடவை தானாகச் சரியாவதற்கும் இதுதான் காரணம். கரண்ட் வந்ததும் பை சீக்கிரம் எழுந்துவிடும், ரௌட்டர் மெதுவாகத்தான் எழும். நெட் கிடைத்த அந்த நொடியில் குரோமியம் பக்கத்தைக் கேட்கிறது, கடிகாரம் நேரத்தைக் கேட்கிறது. கடிகாரம் முந்தினால் எல்லாம் நலம், குரோமியம் முந்தினால் பிழை. நெட் இல்லை என்ற பிழை என்றால் குரோமியம் தானாகவே திரும்பத் திரும்ப முயலும். சான்றிதழ்ப் பிழை என்றால் முயலாது, யாராவது ரீலோட் கொடுக்கும்வரை அப்படியே நிற்கும்.

பாளை_மாடி:

அண்ணா, மைத்துனரிடம் கேட்டேன். செப்டம்பர் கடைசியில்தான் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது.

நெல்லிமரம்:

இவ்வளவு எதற்கு? பக்கத்தைக் கார்டிலேயே போட்டு அங்கிருந்தே திறந்தால் சான்றிதழும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். வேன் நேரமும் மருந்து நேரமும் தினம் மாறப்போவதில்லையே.

வெண்கலமணி:

நல்ல யோசனைதான், ஆனால் இந்த வீட்டில் அதை மட்டும் முதலில் செய்யக்கூடாது. இப்போது பிழைப் பக்கம் வருவதால் அம்மாவுக்குத் திரை சரியில்லை என்று தெரிகிறது. பக்கம் கார்டில் இருந்தால் பிழையே வராது. தெருமுனையில் உள்ள நெட் பெட்டிக்குக் கரண்ட் வராத நாளில், ஆகஸ்ட் 3 காலை 10.05 என்று பெரிய எழுத்தில் அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து ஒருவர் ஊசி போட்டுக்கொள்வார். இன்சுலின் போடுபவர் பார்க்கும் திரையில் தப்பான மணி தெரிவதைவிட ஒன்றும் தெரியாமல் இருப்பது எவ்வளவோ மேல். முதலில் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு பக்கத்தைக் கார்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டு வேலை செய்ய வேண்டும்.

இன்றைக்கே செய்யக்கூடியது: நேரம் நெட்டிலிருந்து வந்து சரியாகும்வரை குரோமியம் தொடங்காமல் காத்திருக்கச் செய்வது. பையில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி-யில் இதற்கென்றே டைம்-வெயிட்-சிங்க் என்ற சேவை இருக்கிறது. அதை எனேபிள் செய்து, குரோமியத்தைத் தொடங்கும் சேவை அதற்குப் பின்னால் வரும்படி எழுதினால் போதும். அதுவரை கறுப்புத் திரையில் 'நேரம் சரிபார்க்கப்படுகிறது' என்று ஒரு வரி காட்டுங்கள். பிழைப் பக்கம் இதோடு நின்றுவிடும்.

நிரந்தரமாகச் செய்ய வேண்டியது: பேட்டரியோடு ஓடும் டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்று வாங்கி மாட்டுவது. விலை அதிகமில்லை, எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். நம் வீட்டு வெப்பநிலையில் ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவுக்குத்தான் பிசகும். நெட் நாள் முழுக்க வராவிட்டாலும் மணி சரியாக இருக்கும்.

பழைய_சால்டர்:

டிஎஸ்3231 வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று பைக்கென்றே செய்த குட்டிப் பலகை, ஐந்து துளைகளோடு நேராகப் பின்களில் உட்காரும். மற்றொன்று நீல நிறப் பெரிய பலகை, பின்புறம் வட்ட செல் வைக்கும் கூடு இருக்கும். குட்டியில் செல் பற்றவைத்திருப்பதால் தீர்ந்தால் மாற்றுவது சிரமம். பெரியதில் எளிது, ஆனால் அதில் செல்லைச் சார்ஜ் செய்யும் சின்ன சுற்று ஒன்று இருக்கிறது. ரீசார்ஜ் செய்யும் எல்ஐஆர்2032 செல்லுக்காக வைத்தது. கடையில் கிடைக்கும் சாதாரண சிஆர்2032-ஐ அதில் போட்டு, பலகைக்கு 5 வோல்ட் கொடுத்தால், சார்ஜ் ஏற்றக்கூடாத செல்லில் சார்ஜ் ஏறும். செல் உப்பும், கசியும்.

பெரியதை வாங்கினால் 3.3 வோல்ட் மட்டும் கொடுங்கள். அப்போது செல்லுக்குச் சார்ஜ் ஏறாது. பையின் 1-ஆம் பின் 3.3 வோல்ட், 3-ஆம் பின் எஸ்டிஏ (தகவல் வயர்), 5-ஆம் பின் எஸ்சிஎல் (துடிப்பு வயர்), 6-ஆம் பின் கிரவுண்ட். 1-ஆம் பின்னுக்கு நேர் எதிரே உள்ள 2-ஆம் பின்னில் 5 வோல்ட் இருக்கிறது. பவர் வயரை அதில் செருகிவிட்டால் செல் மட்டுமல்ல, பையும் கெட வாய்ப்புண்டு. கரண்டை அணைத்துவிட்டு, டார்ச் அடித்து எண்ணிப் பார்த்துச் செருகுங்கள்.

பாளை_மாடி:

பெரிய நீலப் பலகைதான் கிடைத்தது. 3.3 வோல்ட்டில் மாட்டி, கான்ஃபிக் கோப்பில் டிஎஸ்3231-க்கான ஓவர்லே வரியைச் சேர்த்து, ரீபூட் செய்தேன்.  ஆனால் குரோமியம் காத்திருக்க எழுதியது போய்விட்டது.

வெண்கலமணி:

ஃபைல் சிஸ்டம் ஓவர்லே இன்னும் ஆனில் இருக்கிறது, தம்பி. பெயர் ஒன்றாக இருந்தாலும் அது கார்டில் எழுதவிடாமல் தடுப்பது, நீங்கள் சேர்த்தது மாட்யூலைப் பைக்கு அறிமுகப்படுத்தும் வரி. வரிசை இதுதான்: ராஸ்பி-கான்ஃபிக்கில் ஃபைல் சிஸ்டம் ஓவர்லேயை ஆஃப் செய்து ரீபூட். அப்புறம் எல்லா மாற்றத்தையும் செய்யுங்கள். நேரத்தைக் கார்டில் குறித்து வைக்கும் போலிக் கடிகாரத் தொகுப்பு, ஃபேக்-எச்டபிள்யூகிளாக் என்று இருக்கும், இருந்தால் அதை நீக்குங்கள். நெட் நேரம் சரியாக வந்திருப்பதைப் பார்த்து, அதை மாட்யூலில் ஒரு முறை எழுதுங்கள். எல்லாம் சரி என்று கண்ணால் பார்த்த பிறகே ஓவர்லேயை மறுபடி ஆன் செய்யுங்கள். கார்டைக் காப்பாற்ற அது அவசியம், விட்டுவிடாதீர்கள்.

சோதிக்கும்போது ரௌட்டரின் பிளக்கை உருவிவிட்டு, பையின் கரண்டையும் நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்துப் போடுங்கள். நெட் இல்லாமலே மணி சரியாக வந்தால் மாட்யூல் வேலை செய்கிறது என்று பொருள். மாட்யூல் வந்த பிறகு டைம்-வெயிட்-சிங்க் வேண்டாம், எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நெட் வராத நாளில் திரை கறுப்பாகவே இருக்கும்.

கடலோரம்:

இடையில் ஒன்று. பக்கத்தைக் கார்டுக்குக் கொண்டுவரும்போது தமிழ் எழுத்துருவையும் பையில் நிறுவிவிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ், எது இருந்தாலும் போதும். இல்லையென்றால், இணையத்திலிருந்து எழுத்துரு வராத நாளில் 'வெள்ளிக்கிழமை' இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

எழுத்தின் அளவையும் பாருங்கள். பத்தடி தூரத்திலிருந்து வயதானவர் படிக்க வேண்டுமானால் எழுத்தின் உயரம் ஒரு அங்குலமாவது வேண்டும். 19 அங்குல மானிட்டரின் உயரமே ஏறக்குறைய பத்து அங்குலம்தான், அதில் நான்கைந்து வரிக்கு மேல் வைக்க முடியாது. ராகுகாலத்தையும் தண்ணீர் நாளையும் ஓரத்தில் சிறியதாக வைத்து, மணிக்கும் மருந்துக்கும் இடத்தை விடுங்கள். வரி இடைவெளியை எழுத்தளவைப் போல் 1.6 மடங்கு வையுங்கள். ஆங்கிலத்துக்கு வைப்பதுபோல் நெருக்கி வைத்தால் மேல் வரியின் 'கு', 'ழூ' கீழே இறங்கி, கீழ் வரியின் 'கி', 'டீ' மேல் சுழியில் இடிக்கும்.

பாளை_மாடி:

எல்லாம் முடிந்தது. ரௌட்டரைக் கழற்றிவிட்டுச் சோதித்தேன், மணி சரியாக வந்தது. நேற்று மழையில் நெட் இரவு வரைக்கும் இல்லை, கரண்டும் விட்டுவிட்டு வந்தது, திரை அசையவில்லை. மைத்துனர் பக்கத்தில் இன்னொன்றும் சேர்த்துக் கொடுத்தார்: பக்கத்தில் கடைசியாக மாற்றம் செய்த தேதியைவிடக் கடிகாரம் பின்னால் இருந்தால், மணி இருக்கும் இடத்தில் ஒன்றுமே காட்டாது, 'சுவர்க்கடிகாரத்தைப் பாருங்கள்' என்று மட்டும் வரும். அதற்காகவே திரைக்குப் பக்கத்தில் ஒரு சுவர்க்கடிகாரமும் மாட்டிவிட்டேன். மணி எழுத்து இப்போது இரண்டு அங்குலம், அடுப்படியில் நின்றே அம்மா படிக்கிறார்.

கடைசியாக ஒன்று: கரண்ட் வரும்போது சில நேரம் மானிட்டரில் சிக்னல் இல்லை என்று வருகிறது. அப்புறம், அந்த செல் எப்போது மாற்ற வேண்டியிருக்கும்?

பழைய_சால்டர்:

சிக்னல் பிரச்சினை, மானிட்டர் விழிப்பதற்குள் பை எழுந்துவிடுவதால் வருவது. திரை செருகியிருக்கிறதா என்று பார்க்கும் நேரத்தில் மானிட்டர் பதில் சொல்வதில்லை, பை படத்தை அனுப்பாமல் விட்டுவிடுகிறது. பூட் பகுதியில் உள்ள கமாண்ட்-லைன் கோப்பில் எச்டிஎம்ஐ வெளியீட்டுக்கு உங்கள் மானிட்டரின் பிக்சல் அளவைக் (ரெசல்யூஷன்) கொடுத்து, கடைசியில் 'டி' என்ற ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தாகச் சேர்த்தால், திரை பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் படத்தை அனுப்பும். அந்தக் கோப்பில் எல்லாம் ஒரே வரியில்தான் இருக்க வேண்டும், என்டர் தட்டிவிடாதீர்கள். இதற்கும் ஓவர்லேயை ஆஃப் செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

பை அணைந்திருக்கும்போதுதான் செல் செலவாகும், அதனால் பல ஆண்டு வரும். மாற்றும்போது பை ஓடிக்கொண்டிருக்கட்டும், நேரம் போகாது. உலோகச் சாமணம் வேண்டாம், பக்கத்துப் பின்களில் பட்டால் ஷார்ட் ஆகும். நகத்தால் தள்ளினாலே கூட்டிலிருந்து வெளியே வந்துவிடும்.